வீடியோ டெக்கில் பாட்டுப் பதியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ டெக்கில், அதாவது வீடியோ கசெற்றைப் பதியவும் போடவும் உதவும் பெட்டியில், இசையைப் பதிய முனைபவர்களின் பெருந்தவறு, டெக்கைத் தெரிவு செய்யும்போதே நடந்துவிடுகிறது. படம் தெளிவாக வருகிற எந்த டெக்கும் பாட்டையும் தெளிவாகப் பதியும் என்று பலர் நம்புகிறார்கள். இலங்கையின் வன்னியில் அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் ஜெனரேற்றரோடு டெக்கையும் தொலைக்காட்சியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் படம் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் ஒலி நாடாவில் ஏறுவதற்கு அந்தப் பெட்டிகளில் இரு வேறு வழிகள் இருக்கின்றன. எந்த வழியால் உங்கள் பாட்டுப் போகிறது என்பதை அறியாமல் பதிவதே மற்றப் பல தவறுகளுக்கும் வேர்.

சாதாரண டெக்கில் ஒலி, நாடாவின் விளிம்பிலுள்ள ஒடுங்கிய தடமொன்றில், அசையாமல் நிற்கும் ஹெட்டினால் (காந்த முனையால்) எழுதப்படுகிறது. எங்கள் நாட்டில் வழங்கும் பால் (PAL) என்ற பட முறையிலான விஎச்எஸ் (VHS) டெக்கில் நாடா செக்கனுக்கு 23.39 மில்லிமீற்றர் மட்டுமே நகர்கிறது. பாட்டுக் கசெற்றின் நாடாவோ செக்கனுக்கு 47.6 மில்லிமீற்றர் ஓடுகிறது. வேகம் குறையக் குறைய ஒலியின் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும் என்பதால், சாதாரண டெக்கில் பதிந்த பாட்டு ஒரு நல்ல கசெற் ரெக்கோடரில் பதிந்ததைவிட மட்டமாகவே கேட்கும். நாடாவை மிச்சம் பிடிக்க எல்பி வேகத்தில், அதாவது பாதி வேகத்தில் பதிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

1980களில் வந்த ஹைஃபை (Hi-Fi, உயர்தர ஒலி) டெக்குகளில் ஒலி வேறு வழியால் போகிறது. நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும் டிரம் என்ற உருளையிலேயே ஒலிக்கென்று தனி ஹெட்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. நாடா மெல்ல நகர்ந்தாலும், சுழலும் ஹெட் நாடாவின் மேல் ஓடும் வேகம் செக்கனுக்கு 4.8 மீற்றரைத் தாண்டுகிறது. இடம், வலம் ஆகிய இரு ஒலிகளும் 1.4, 1.8 மெகாஹேர்ட்ஸ் அலைகளில் எஃப்எம் வானொலியைப் போலவே ஏற்றப்பட்டுக் காந்தப் பூச்சின் ஆழத்தில் எழுதப்படுகின்றன. உடனடியாக அதே இடத்தின் மேற்பரப்பில் பட ஹெட்டுகள் வேறொரு சாய்கோணத்தில் படத்தை எழுதுகின்றன. கோணங்கள் வேறுபடுவதால் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தும் அவை பெரிதாகக் குழம்புவதில்லை. இதனால் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலி, நாடாவின் இரைச்சல் காதில் விழாத அளவுக்குத் துப்புரவாகக் கிடைக்கிறது. எஸ்பி என்ற வழமையான வேகத்தில் ஓர் ஈ-180 நாடா மூன்று மணித்தியாலம் இடைவிடாமல் பதியும். விடிய விடிய நடக்கும் கோவலன் கூத்தைக் கசெற்றில் பதிபவர் 45 நிமிடத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

பின்பக்கத்தில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு ஒலிச் செருகுதுளைகள் இருந்தால் அது ஹைஃபை என்று முடிவு செய்துவிடக் கூடாது. விளிம்புத் தடத்தையே இரண்டாகப் பிரித்து ஸ்ரீரியோவாகப் பதியும் டெக்குகளும் உண்டு. கடைக்காரர் ஒருவர் ‘ஸ்ரீரியோ’ என்று உறுதி சொன்னதை நம்பி வாங்கிய டெக்கில் நான் ஓர் இரவு முழுவதும் பதிந்த கூத்தில், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் தாளம் தகரத்தில் தட்டியது போலவே கேட்கிறது. அந்த இரவை மீண்டும் பதிய வழியில்லை. வாங்குமுன் முகப்பில் ஹைஃபை என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, வெண்கலத் தாளத்தின் ஒலியை ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். கார்வை முழுவதும் திரும்பி வந்தால்தான் அது ஹைஃபை.

ஹைஃபையை டிஜிட்டல் என்று கருதுவதும் பிழை. அது ஒலியை எண்களாக்காமல் அலையாகவே எழுதும் அனலொக் பதிவே. டெக்கில் டிஜிட்டல் ஒலியைப் பதிவதற்கென்று தனியான இணைப்புப் பெட்டிகள் ஒருகாலத்தில் இருந்தன என்பது உண்மை. அவை படத்தின் கோடுகளுக்குள் எண்களை நிரப்பின: பால் முறையில் ஒரு புலத்துக்கு (அதாவது அரைப் படத்துக்கு) 294 கோடுகள், செக்கனுக்கு 50 புலங்கள், கோட்டுக்கு 3 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), மொத்தம் செக்கனுக்கு 44,100. இன்று சீடியில் இருக்கும் அதே எண் அங்கிருந்து வந்ததுதான்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டெக்கை அப்படியே சுவரில் செருகுவது எங்கள் பகுதியில் அடிக்கடி நடக்கும் விபத்து. அது 120 வோல்ற்றுக்கு ஆனது. எங்கள் 230 வோல்ற்றில் கருகிவிடும். மின்மாற்றி வைத்து ஓட்டினாலும் அது என்ரிஎஸ்சி (NTSC) என்ற வட அமெரிக்கப் பட முறை டெக். அதன் ஹைஃபை அலைகள் 1.3, 1.7 மெகாஹேர்ட்ஸ், நாடாவின் வேகமும் வேறு. ஆகவே அதில் பதிந்த பாட்டை ஊரிலுள்ள சாதாரண பால் டெக்கில் கேட்க முடியாது. ஈ-180 நாடாவும் அதில் ஏறத்தாழ இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று மணித்தியாலம் என்று கணக்குப் போட்டவருக்குக் கூத்தின் மிகுதி கிடைக்காது.

பாட்டுக்குப் படம் தேவையில்லை என்று வீடியோ வயரைச் செருகாமல் விடுவது அடுத்த தவறு. பதியும்போது டெக் தன் ஓட்டத்தைப் பட சைகையோடு (சிக்னலோடு) ஒத்து நிறுத்தி, அதற்கேற்ற கட்டுப்பாட்டுத் துடிப்புகளை நாடாவின் மற்ற விளிம்பில் எழுதுகிறது. பட சைகை இல்லாதபோது பல டெக்குகளில் அந்தத் துடிப்புகள் ஒழுங்காக விழுவதில்லை. பின்னர் போடும்போது ஒலி விட்டுவிட்டு வரும், சில டெக்குகள் நீலத் திரையைக் காட்டி ஒலியையே நிறுத்திவிடும். ஒரு டிவிடி பிளேயரின் அசையாத முகப்புப் படத்தை வீடியோ துளைக்குக் கொடுத்துவிட்டால் போதும். தொலைக்காட்சி அலைவரிசையின் படத்தைக் கொடுப்பது நல்லதல்ல. மழை இரவில் அது கலங்கினால் பதிவும் கலங்கும்.

ஒலியின் அளவைத்தான் மிகக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கசெற்றில் பழகியவர்கள் இரைச்சலை அமுக்குவதற்காக முள்ளைச் சிவப்புக்குள் தள்ளிப் பதிவார்கள். கசெற் நாடா அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஹைஃபையில் அமுக்குவதற்கு இரைச்சலே இல்லை, எல்லையைத் தாண்டினால் ஒலி உடனே கரகரக்கும். தவிலின் முதல் அடி எதிர்பாராத வலுவோடு விழும் என்பதால், ஒத்திகையில் வாசிக்கச் சொல்லிப் பார்த்து, உச்ச அடியும் சிவப்புக்குக் கீழே நிற்கும்படி வைக்க வேண்டும். அளவுக் குமிழே இல்லாத டெக் பெரும்பாலும் தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும். அதில் மத்தளம் ஓய்ந்த மறுகணம் பின்வளவில் ஓடும் ஜெனரேற்றரின் இரைச்சல் எழும்பி வரும். மத்தளம் மறுபடி தொடங்கும்போது பாட்டு அமுங்கிப்போகும். இதற்குப் பரிகாரம் இல்லை. ஆகவே குமிழும் அளவுமானியும் உள்ள டெக்கையே தேடுங்கள்.

மைக்கை நேரே டெக்கில் செருகுவதும் பயனற்றது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ற்றுகள் மட்டுமே. இடையில் சிறிய மிக்சர் ஒன்று வேண்டும். அதற்கு நேரெதிரான தவறு, கோயிலில் ஒலிபெருக்கிக்குப் போகும் வயரைப் பிரித்து டெக்கில் கொடுப்பது. அந்த வயரில் வருவது டெக் தாங்கக்கூடியதைவிடப் பன்மடங்கு வலுவான சைகை, உட்பகுதியே பழுதாகலாம். ஒலிபெருக்கிக்காரரிடம் மிக்சரின் ரெக்கோடிங் துளையிலிருந்து தரும்படி கேட்க வேண்டும். மிக்சரையும் டெக்கையும் ஒரே செருகுபலகையிலிருந்து இயக்கினால் 50 ஹேர்ட்ஸ் உறுமல் வெகுவாகக் குறையும்.

பின்னர் ஒலியைச் சேர்க்கும் ‘ஓடியோ டப்பிங்’ பொத்தான் விளிம்புத் தடத்தை மட்டுமே மாற்றும். ஹைஃபை ஒலி படத்தோடு ஒன்றாகக் கிடப்பதால், படத்தை அழிக்காமல் அதைத் தனியே மாற்ற இயலாது.

நாடாவைப் பேணுவதில் நடக்கும் பிழைகள் எங்கள் காலநிலையோடு தொடர்புடையவை. மாரி காலத்தில் சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குள் வைத்த நாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கும். கசெற்றின் கண்ணாடிச் சாளரத்தினூடாக நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. போட்டால் பூஞ்சணம் ஹெட்டுக்கும், அங்கிருந்து அடுத்த நாடாவுக்கும் பரவும். கோடையின் செம்புழுதியில் ஓடிய டெக்கைப் பஞ்சுக் குச்சியால் மேலும் கீழுமாகத் துடைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஹெட்டுகள் மிக எளிதில் உடைபவை. நூல் உதிராத மெல்லிய தோலில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும்.

பதிந்ததைக் கணினிக்கு மாற்றும்போதும் ஹைஃபைக்கும் விளிம்புத் தடத்துக்கும் இடையிலான பழைய குழப்பம் திரும்பி வரும். ஹைஃபை டெக், ஒலியை விளிம்புத் தடத்திலும் சேர்த்தே பதிகிறது. போடும்போது ஹைஃபை சைகை சற்றுத் தளர்ந்தாலும் டெக் சொல்லாமலே விளிம்புத் தடத்துக்கு மாறிவிடும். கேட்பவர் நாடா பழுதாகிவிட்டது என்று எண்ணி அந்த மங்கிய ஒலியையே மாற்றி முடித்துவிடுவார். முகப்பில் ஹைஃபை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, எரியாவிட்டால் ஹெட்டை நாடாவின் தடத்தோடு ஒத்துவரச் செய்யும் டிராக்கிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒரு டெக்கில் பதிந்த ஹைஃபை ஒலி இன்னொரு டெக்கில் ரீங்காரத்தோடு கேட்பதற்கும் இந்த ஒத்துவராமையே பெரும்பாலும் காரணம். ஆகவே நாடாவை மட்டும் வைத்துக்கொண்டு, பதிந்த டெக்கைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது; வேறு டெக்குகளில் சரியாகக் கேட்காத நாடாவுக்கு அதைப் பதிந்த டெக்கே கடைசி வழி.