கோலாலம்பூர் ஏர்போர்ட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குப் பஸ்ஸில் போவது எப்படி?

ஏர் ஏசியாவில் போனால் நீங்கள் இறங்குவது இரண்டாவது டெர்மினலில். பழைய ஆட்கள் இன்னும் கேஎல்ஐஏ 2 என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து ஊருக்குள், நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 55 ரிங்கிட், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பஸ்ஸுக்கு 15 ரிங்கிட்டை ஒட்டித்தான், ஆனால் ஒரு மணி நேரம். சாயங்கால நெரிசலில் மாட்டினால் இன்னும் இழுக்கும். தனி ஆளுக்குப் பஸ்ஸே போதும் என்பது என் கட்சி. நாலு பேர், நாலு பெட்டி என்றால் பேசாமல் கிராப் (ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார்) போடுங்கள்.

இமிகிரேஷன் முடிந்து, பெட்டி எடுத்தாயிற்று. அடுத்த அடியில்தான் நான் சறுக்கினேன். நம்ம ஊர்ப் பழக்கத்தில் நேராக வாசலைத் தேடிப் போய், ரோட்டோரம் இருபது நிமிடம் நின்றேன். வந்ததெல்லாம் கார்தான். "டாக்ஸி, டாக்ஸி" என்று ஒருவர் விடாமல் பின்னால் வந்தது தனிக் கதை. பஸ் அங்கே வராது. ஏர்போர்ட்டை ஒட்டியே ஒரு பெரிய மால் இருக்கிறது. அதற்குள் நுழைந்து, லெவல் 1-க்குக் கீழே இறங்க வேண்டும். பலகையில் 'பாஸ்' என்று மலாயில் போட்டிருப்பது நம்ம பஸ்தான். 'கெலுவார்' என்றால் வெளியேறும் வழி. அதை நம்பிப் போனால் என்னைப் போல ரோட்டில் நிற்பீர்கள்.

கீழே டிக்கெட் கவுண்டர்கள் இருக்கும். எந்தக் கம்பெனி டிக்கெட்டோ அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான் ஏற முடியும். அதனால் எது நல்ல கம்பெனி என்று ஆராயாமல், "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் கிளம்புவதே நல்ல பஸ். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். ஏசி குளிர் எலும்பைத் தொடும், துண்டோ சால்வையோ கைப்பையில் வையுங்கள்.

கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடும் இடம் அடித்தளம்; இருட்டு, டீசல் வாடை. பயப்பட வேண்டாம், எஸ்கலேட்டரில் மேலே ஏறினால் பெரிய ஹால். எல்ஆர்டி என்கிற நகர ரயில் அங்கேயே இருக்கிறது. மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் மால் வழியாக நடக்க வேண்டும். பசி என்றால் வெளியே பிரிக்ஃபீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், தமிழிலேயே கேட்கலாம்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. பஸ் இரண்டு டெர்மினலுக்கும் போகும். டிரைவர் ஏதோ சொன்னார், முன்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், நானும் எழுந்து இறங்கிவிட்டேன். அது முதல் டெர்மினல்! நீங்களும் அப்படி இறங்கிவிட்டால் பதற வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ரயில் இருக்கிறது: 2 ரிங்கிட், மூன்றே நிமிடம். இலவச பஸ்ஸும் உண்டு, ஆனால் செக்-இன் மூடப்போகிற நேரத்தில் அதற்காகக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிற்சேர்க்கை: மலாக்கா போக வேண்டிய ஒருவர், இதைப் படித்துவிட்டு முதலில் கேஎல் சென்ட்ரல் போய் அலைந்ததாக எழுதியிருந்தார். மன்னிக்கவும், நான் சொல்லியிருக்க வேண்டும். மலாக்காவுக்கும் ஈப்போவுக்கும் ஏர்போர்ட்டிலிருந்தே நேர் பஸ் இருக்கிறது. அதே லெவல் 1-இல் கேளுங்கள்.