பலெர்மோவுக்கு எந்த வழியாக வருவது? சிசிலிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிசிலி தீவு என்பதால் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை என்று நினைத்து, ஊரில் இருக்கும்போதே கண்ணில் பட்ட மலிவான பயணச்சீட்டை எடுத்துவிடுபவர்கள் அதிகம். உண்மையில் விமானம், ரயில், கப்பல், பேருந்து எல்லாமே பலெர்மோ வரை வருகின்றன. எதில் வருவது என்பதை முதலில் உங்கள் பத்திரங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்தது பொதியின் நிறை. விலையைக் கடைசியாகப் பாருங்கள்.

பத்திரங்கள்

நீண்டகாலம் தங்க டி வகை விசாவில் வருபவர்கள் இத்தாலிக்குள் நுழைந்த நாளிலிருந்து 8 வேலைநாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கான அலுவலைத் தொடங்கிவிட வேண்டும். இந்தக் கணக்கு பலெர்மோவில் இறங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, ரோமிலோ மிலானிலோ கால் வைத்த நாளிலிருந்தே ஓடுகிறது. குடும்ப இணைவு விசாவில் வருபவர்கள், தங்களுக்கு நுல்லா ஓஸ்தா (வருவதற்கான முன் அனுமதிப் பத்திரம்) கொடுத்த மாகாணத்தின் குடிவரவு அலுவலகத்துக்கே போக வேண்டும். அது பலெர்மோ என்றால் மிலான் அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது. ஆகவே மிலானில் மாமா வீட்டில் இரண்டு கிழமை நின்றுவிட்டு ஆறுதலாகப் போகலாம் என்ற திட்டம் வேண்டாம். மாமாவை இரண்டு மாதம் கழித்தும் பார்க்கலாம்.

பிராங்க்பர்ட், சூரிச் போன்ற ஷெங்கன் (இத்தாலியும் சேர்ந்த, உள்ளெல்லைச் சோதனையில்லாத ஐரோப்பிய நாடுகளின்) விமான நிலையத்தில் மாறி வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பலெர்மோவில் இறங்கும்போது யாரும் கடவுச்சீட்டைத் திறக்கமாட்டார்கள். இத்தாலிக்குள் எந்த நாளில் வந்தீர்கள் என்பதற்கு அப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சான்று விமான ஏறுசீட்டு. அதை எறியாமல் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே தனி விசா கேட்பார்கள், ஆனால் செல்லுபடியாகும் இத்தாலிய டி விசா உள்ளவர்களுக்கு அது தேவையில்லை.

பெயரில் வரும் சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. தகப்பன் பெயர், சொந்தப் பெயர், முன்னெழுத்து என்று ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு ஒழுங்கில் இருக்கும். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் உண்டல்லவா? அதன் முதல் வரியில் எது குடும்பப் பெயராக முன்னால் நிற்கிறதோ அதே ஒழுங்கில்தான் பயணச்சீட்டில் பெயர் போட வேண்டும். இத்தாலிய வரி இலக்கமும் குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகளில்தான் தொடங்கும். தொடக்கத்திலேயே ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பிறகு வங்கியிலும் வைத்தியரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

விமானம்

கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ பலெர்மோவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாக ரோம் அல்லது மிலான் வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானம் எடுப்பது வழக்கமான பாதை. இரண்டையும் ஒரே பதிவில் எடுத்தால் முதல் விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் பொதியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். இடையில் 4 மணிநேரமாவது விடுங்கள். மலிவு விமானம் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் பாருங்கள். ரோமில் பியூமிச்சினோ, சியாம்பினோ என்று இரண்டு. மிலானில் மல்பென்சா, லினாத்தே, பெர்கமோ என்று மூன்று. மல்பென்சாவில் இறங்கிப் பெர்கமோவில் ஏறும் பயணச்சீட்டு எவ்வளவு மலிவானாலும், சூட்கேஸ்களோடு ஒரு மணிநேரத்துக்கு மேல் பேருந்தில் போக வேண்டும். மலிவு விமானத்தில் இலவசமாக அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் முதுகில் மாட்டும் சிறு பை ஒன்று மட்டுமே.

பலெர்மோவுக்கு இருக்கை கிடைக்காவிட்டால் கத்தானியா பாருங்கள். கத்தானியா விமான நிலைய வாசலிலிருந்தே பலெர்மோவுக்குப் பேருந்து உண்டு, மூன்று மணிநேரத்துக்குள் வந்துவிடலாம். எத்னா எரிமலை சாம்பல் கக்கும் நாட்களில் மட்டும் அந்த நிலையத்தை மூடி, விமானங்களைப் பலெர்மோ, திராப்பானி, கோமிசோ பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்படி விமானம் ரத்தானால் ஐரோப்பிய விதிப்படி நட்டஈடு கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தேவைப்பட்டால் தங்குமிடம், மாற்று விமானம் அல்லது முழுப்பணம் கேட்க உரிமை உண்டு. கவுண்டரில் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கப்பலில் ஏறும் ரயில்

ரோமிலிருந்து இரவு ரயில் பன்னிரண்டு மணிநேரம் அளவில் பலெர்மோ வந்து சேரும், மிலானிலிருந்து என்றால் இருபது மணிநேரம் வரை ஆகும். பெருநிலத்தின் முனையில் உள்ள வில்லா சான் ஜொவான்னி துறைமுகத்தில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, மெசினா நீரிணையைக் கடத்துவார்கள். கடல் அகலம் ஒடுக்கமான இடத்தில் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பெட்டிகளைப் பிரித்து ஏற்றி இறக்கிப் பூட்ட ஏறக்குறைய இரண்டு மணிநேரம் போகும். மேல்தளத்துக்குப் போகலாம், கடவுச்சீட்டையும் பணத்தையும் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். பாலம் கட்டப்போவதாகப் பல பத்தாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது, அதை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ரயிலில் புதியவர்கள் தவறும் இடம் மெசினா. அங்கே ரயில் இரண்டாகும், ஒரு பாதி பலெர்மோவுக்கு, மறுபாதி கத்தானியா வழியாகச் சிராக்கூசாவுக்கு. தெரிந்தவர் இருக்கிறார் என்று வேறு பெட்டிக்குப் போய்க் கண்ணயர்ந்தால் தீவின் மறுகோடியில் விடியும். பயணச்சீட்டில் உள்ள பெட்டி இலக்கத்தையும் பெட்டிக் கதவருகே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் ஏறும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். படுக்கை எடுக்கும் பெண்கள், பெண்களுக்கு மட்டுமான அறை இருக்கிறதா என்று பதிவின்போதே பார்க்கலாம். ரயிலில் சாப்பாடு விற்கும் பெட்டி கிடையாது, இடியப்பமோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு ஏறுவது நல்லது. மிக மலிவான கட்டணத்தில் எடுத்த சீட்டை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் மேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டே ஏற வேண்டும். குத்தாத சீட்டு இல்லாத சீட்டு மாதிரி, அபராதம்தான்.

வீடு மாறுபவர்களுக்குக் கப்பல்

இத்தாலியின் வேறு நகரத்திலிருந்து குடும்பத்தோடு இடம் மாறுபவர்களுக்குக் கப்பலே நல்லது. விமானத்தில் கிலோ கணக்கில் காசு கேட்கும் பாத்திரம், தையல் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் காரில் அடுக்கிக்கொண்டு ஏறிவிடலாம். நேப்பிள்ஸிலிருந்து இரவு எட்டு மணியளவில் புறப்படும் கப்பல் அடுத்த நாள் காலை பலெர்மோ வரும். ஜெனோவாவிலிருந்து சுமார் 20 மணிநேரம். சிவித்தாவெக்கியா, லிவோர்னோ, சலெர்னோ துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் உண்டு.

இடமில்லாத அனுமதிதான் ஆக மலிவு, கிடைக்கும் சோபாவில் படுக்க வேண்டும். அடுத்தது சாய்வு இருக்கை, அதற்கு மேல் அறை. சிறுபிள்ளைகளோடு வருபவர்கள் அறையே எடுங்கள். குளிரூட்டி இரவு முழுக்க ஓடும், போர்வை ஒன்று அவசியம். கப்பல் புறப்பட்ட பிறகு வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், காலைவரை காருக்குப் போக முடியாது. பிள்ளையின் பால்மா, மருந்து, மாற்றுடுப்பு, சாப்பாடு எல்லாம் ஒரு தனிப்பையில் மேலே வரட்டும். காரோடு வந்தால் இரண்டு மணிநேரம் முன்பே துறைமுகத்தில் நில்லுங்கள். நேப்பிள்ஸில் பெவெரெல்லோ துறையிலிருந்து போவது காப்ரி போன்ற பக்கத்துத் தீவுகளுக்கான வேகப்படகுகள், அங்கே போய் நிற்காதீர்கள். உங்கள் துறையின் பெயர் பயணச்சீட்டில் இருக்கும். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் பிந்தும் என்பதால், வந்திறங்கும் நாளிலேயே குவெஸ்தூராவில் (வதிவிட அனுமதி கொடுக்கும் காவல்துறை அலுவலகம்) நேரம் வாங்கி வைக்காதீர்கள்.

பொதியில் எது கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருட்களும் கொண்டுவர முடியாது. நெய், பாற்கோவா எல்லாம் பிடிபட்டால் குப்பைக்கே. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, தூரியன், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கருவாடும் மாசியும் தாராளமாக வரலாம், மீன் வகைக்கு வரம்பு 20 கிலோ. அவ்வளவையும் ஒரே சூட்கேஸில் போட்டால் சுங்கம் விட்டாலும் பக்கத்துப் பயணி விடமாட்டார். ரொக்கமாக 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும்.

வந்து இறங்கினால்

பலெர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே 35 கிலோமீட்டரில், புந்தா ராய்சியில் இருக்கிறது. நகரத்துக்குப் போகும் பேருந்து மையத்தில் உள்ள பொலித்தியாமா சதுக்கம் வழியாக மத்திய ரயில் நிலையம் வரை ஒரு மணிநேரத்துக்குள் வந்துவிடும், ரயிலும் உண்டு. டாக்சியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். வழியில் கப்பாச்சியில் நெடுஞ்சாலையின் இரு புறமும் உயரமான தூண்கள் தெரியும். 1992 மே 23 அன்று மாபியா குண்டுவைத்து நீதிபதி பல்கோனேயைக் கொன்ற இடம் அது. விமான நிலையத்தின் பெயரும் அவருடையதும், அதே ஆண்டு கொல்லப்பட்ட நீதிபதி பொர்செல்லினோவுடையதும்தான்.

ஜூலை 14 இரவு சாந்தா ரொசாலியா திருவிழாவுக்காக நகர மையத்துத் தெருக்களை மூடிவிடுவார்கள், வாகனம் உள்ளே வராது. மோந்தே பெல்லெக்ரினோ மலையில் அந்தப் புனிதையின் குகைக்கோயிலுக்குக் கத்தோலிக்கத் தமிழர்களோடு சைவர்களும் போவது இங்கே வழக்கம். ஆகஸ்ட் 15 ஐ ஒட்டிய நாட்களில் பயணச்சீட்டு விலை ஏறும், அலுவலகங்களும் தூங்கும். வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பார்கள், புறப்படும் கிழமையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களிலும் விமானங்களுக்குக் காலை 7 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பாதுகாக்கப்பட்ட நேரம் உண்டு. வேலைநாட்களில் உள்ளூர் ரயில்களுக்கு அது காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும்.

அட்டை வருவதற்குள் ஊருக்குப் போக வேண்டி வந்தால்

முதல் வதிவிட அட்டை வர மாதங்கள் ஆகும். அதற்குள் விசா முடிந்து, கையில் அனுமதிக்கு விண்ணப்பித்ததற்கான தபாலகப் பற்றுச்சீட்டு மட்டும் இருந்தால், ஊருக்குப் போய்வரலாம், ஆனால் வேறு ஷெங்கன் நாட்டில் கால் வைக்க முடியாது, விமானம் மாறுவதற்குக்கூட. பலெர்மோவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ரோம் அல்லது மிலான் போய், அங்கிருந்து வளைகுடா வழியாகப் போங்கள், திரும்பும்போதும் அதே பாதை. கடவுச்சீட்டு, பழைய விசா, பற்றுச்சீட்டின் மூலப்பிரதி மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். ஊரில் சீட்டுப் போடும் முகவருக்கு இந்த விதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலிவு என்று பிராங்க்பர்ட் வழியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.