நன்றிக்கும் ஒரு கணக்குக் கொப்பி

தொழில் செய்யும் எவரும் வரவுக்கும் செலவுக்கும் கடனுக்கும் கொப்பி வைத்திருக்கிறோம். ஆனால் காசாகக் கணக்கிட முடியாத உதவிகளை நினைவை நம்பி விட்டுவிடுகிறோம். வியாபாரம் பெருகப் பெருக நினைவு முதலில் கைவிடுவதும் அவற்றைத்தான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மிளகாய்த்தூளும், காய்ந்த பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மாவும் பொதி செய்து விற்கும் நான் இதை ஒரு பிழையின் வழியாகவே கற்றேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மில்காரர் ஒருவர் மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் எழுந்துவந்து எங்கள் செத்தல் மிளகாயை அரைத்துத் தந்தார். நிலைமை சீரானதும் நான் சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்கி, அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போவதை நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் கழித்துச் சந்தையில் கண்டபோது அவர் வழக்கம்போலச் சுகம் விசாரித்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே தனியாக ஒரு கொப்பி வாங்கினேன். நாள், உதவியவர், செய்த உதவி, அது கிடைக்காதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு என்று நான்கு நிரல்கள் போதும். நான்காவது நிரலை நிரப்பும்போதுதான் உதவியின் உண்மையான அளவு நமக்கே தெரியவரும். வெள்ளிக்கிழமை கடை பூட்டுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள். எழுதியவற்றை அடுத்த வெள்ளிக்கு முன் உரியவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லிவிடுங்கள். ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘செவ்வாய்க்கிழமை மழைக்குள் பொதிகளை நனையாமல் ஏற்றினீர்கள்’ என்று செய்ததைக் குறித்துச் சொல்வதே கேட்பவர் மனத்தில் நிற்கும்.

வேலை செய்பவர்களிடம் தொடங்கும்போது, கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 வீதமும் சட்டப்படியான கடமைகள். அவற்றை நன்றிக் கணக்கில் எழுத முடியாது. சம்பளத்தைப் பிந்திக் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்குச் சேலை வாங்கிக் கொடுப்பவரை யாரும் நன்றியுள்ளவராக நினைப்பதில்லை. வாணி விழாவில் இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் நாம், ஆண்டு முழுவதும் அதை இயக்கியவரின் பெயரையும் அந்த இடத்திலேயே சொல்லலாம். சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் கொடுக்கும்போதும், அவர் அந்த ஆண்டில் செய்த ஒரு காரியத்தை எடுத்துச் சொல்லிக் கொடுங்கள்.

நம் ஊரில் பல தொழில்களின் முதற் காசு கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் உடன்பிறப்பின் உழைப்பிலிருந்து வருகிறது. அங்கே இரவு வேலை செய்து மிச்சம் பிடித்து அனுப்பியவருக்கு ஊர்ப் பலகாரம் அனுப்புவது நல்லதுதான்; ஆனால் அந்தக் காசு என்னவாயிற்று என்று கேட்க வேண்டிய சங்கடத்தை அவருக்கு வைக்காமலிருப்பதே பெரிய நன்றி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை, செலவு, கையிருப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, நட்டம் வந்த மாதத்தையும் மறைக்காமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் முதன்முறை நட்டக் கணக்கு அனுப்பியபோது அண்ணன் கோபிக்கவில்லை. எங்கே குறைக்கலாம் என்று ஒரு மணித்தியாலம் பேசினார்.

குறை சொல்லும் வாடிக்கையாளரின் பெயரும் கொப்பியில் இருக்கட்டும். கூழ் காய்ச்சியபோது மண் கடித்தது என்று ஓர் அம்மா ஒடியல் மாப் பொதியோடு திரும்பி வந்தார். மற்றவர்கள் பேசாமல் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். கிழங்கைக் கழுவும் முறையை மாற்றி, மாற்றியதை அவருக்கே போய்ச் சொன்னோம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பழைய உதவிக்காகத் தரம் குறைந்த சரக்கைத் தொடர்ந்து வாங்க வேண்டியதில்லை, ஆனால் நிறுத்துவதை நேரில் சொல்லுங்கள்.

அந்த மில்காரரிடம் பிறகு போனேன். “இதைச் சொல்லவோ தம்பி வந்தனீர்?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் வைக்கச் சொன்னார். ஓடர்கள் கூடும் மாதங்களில் மிளகாயில் ஒரு பகுதியை இப்போதும் அவருடைய மில்லிலேயே அரைக்கிறோம். கூலியை அன்றன்றே கொடுத்துவிடுகிறோம்.