ஏற்காட்டுக் குளிருக்கு ஹீட் பம்ப்: நேரம் மாற்றினால் பில் குறையும்

தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றிய இந்தக் குறிப்பு சேலத்தில் இருப்பவர்களுக்குத் தேவைப்படாது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மார்கழிப் பனியில் வெந்நீர் இல்லாமல் கை நனைக்க முடியாத ஏற்காட்டு வீடுகளுக்கும் விடுதிகளுக்கும்தான் சொல்கிறேன்.

சாதாரண கீசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால், அதே ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் காற்று குளிரக் குளிர அந்த லாபம் சுருங்கும். பலரும் விடியற்காலை நான்கு மணிக்கு டைமர் வைக்கிறார்கள். இயந்திரம் அதிகம் திணறும் நேரமே அதுதான்! மொபைல் செயலியில் அதைப் பகல் 12 முதல் 3 மணிக்கு மாற்றுங்கள். நல்ல வெப்பக்காப்பு உள்ள தொட்டியில் மறுநாள் காலைக் குளியலுக்கும் சூடு தங்கும்.

இன்னொன்றையும் அவசியம் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே துணைக்கு ஒரு மின்சார ஹீட்டர் இருக்கும். 'ஆட்டோ' நிலையில் அது சத்தமில்லாமல் ஓடி, பில்லை ஏற்றிவிடும். 'எகானமி' போன்ற நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் அது ஓடாது. தினசரி 50, 55 டிகிரி போதும். கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை மட்டும் 60க்கு மேல் ஏற்றுங்கள்.

அறையைச் சூடாக்கும் இன்வெர்ட்டர் ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான்; அது இருந்தால் 20 டிகிரியில் வையுங்கள். 30 வைத்தால் அறை சீக்கிரம் சூடாகிவிடாது, மின்சாரம்தான் வீணாகும். ஜன்னல் இடுக்குகளை முதலில் அடைத்துவிடுங்கள்.