முதல் எபிசோடுகளை ஒப்பிடுவது எப்படி: ஒரு கொப்பி, இரண்டு பேனை, இரண்டு தொடர்

விஞ்ஞானப் புனைவுத் தொடரின் முதல் எபிசோடுக்கு மற்றத் தொடர்களுக்கு இல்லாத ஒரு சுமை உண்டு. குடும்பத் தொடர் என்றால் மாமி யார், மருமகள் யார் என்று தெரிந்தாற் போதும். வீடும் குசினியும் சண்டையும் நமக்குப் பழகினவை. இங்கே அந்த உலகம் எந்த விதியில் ஓடுகிறது என்பதையும் சேர்த்து விளங்கப்படுத்த வேண்டும், அதுவும் பார்க்கிறவர் ரிமோட்டைத் தேடுவதற்கு முன்னம். ஆகவே நாம் அளக்கப் போவது முக்கியமாக ஒன்றைத்தான்: புது விதியை எப்போது சொல்கிறார்கள், யார் வாயால் சொல்கிறார்கள். கிராபிக்ஸ் பழசா, நடிப்பு சுப்பரா என்பதைப் பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம்.

தேவையானவை: ஒரு சீ.ஆர் கொப்பி, அடிமட்டம், இரண்டு நிறப் பேனை. ஒரு சோடி எபிசோடுக்கு மூன்று பின்னேரம் ஒதுக்குங்கள். டேட்டாவில் பார்ப்பவர்கள் தரத்தை நடுத்தரத்தில் வைத்தால் நெட்ஃபிளிக்ஸில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.7 ஜீபி போகும். எச்டியில் அது 3 ஜீபி வரை ஏறும். மாரி காலத்தில் கரண்டை நம்பி இருக்காமல் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எது முதல் எபிசோட்?

புதியவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான். முதலில் எடுத்ததும் முதலில் ஒளிபரப்பானதும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

ஸ்டார் ட்ரெக்கை எடுங்கள். 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி என்பிசி என்ற அமெரிக்க அலைவரிசையில் முதலில் போனது ‘தி மேன் ட்ரப்’. அதற்கு முன்னமே இரண்டு பைலட், அதாவது அலைவரிசைக்குக் காட்டும் மாதிரி எபிசோட், எடுத்தாகிவிட்டது. ‘தி கேஜ்’ என்ற முதலாவதை என்பிசி வேண்டாம் என்றது. அதில் கப்டனே வேறு ஆள். அந்த நடிகர் கூட்டத்தில் இருந்து தொடருக்குள் வந்த பாத்திரம் ஸ்பொக் மட்டும்தான். இரண்டாவது பைலட் செப்டெம்பர் 22இல், மூன்றாவது எபிசோடாக ஒளிபரப்பானது. ஃபயர்ஃப்ளை தொடரில் கூத்து இன்னும் பெரிது. அறிமுகத்துக்கென்றே எடுத்த இரண்டு மணித்தியால ‘செரனிட்டி’யை ஃபொக்ஸ் அலைவரிசை 2002 டிசெம்பரில், கடைசியாகத்தான் போட்டது. செப்டெம்பரில் சனம் முதலில் பார்த்தது ‘தி ட்ரெயின் ஜொப்’.

பாட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் வேறு சிக்கல். தொடரின் முதல் எபிசோட் ‘33’, 2004இல் வந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழப் பத்து மாதம் முன்னமே, 2003 டிசெம்பரில், கதையைத் தொடக்கி வைத்த குறுந்தொடர் போய்விட்டது. ‘33’ உலகத்தை அறிமுகப்படுத்தவில்லை என்று குறை சொன்னால் அது உங்கள் பிழை. அந்த வேலை முன்னமே முடிந்துவிட்டது.

கொப்பியின் முதல் வரியில் இரண்டு திகதியையும் எழுதுங்கள்: எடுத்தது, ஒளிபரப்பானது. எதை ஒப்பிடுகிறீர்கள் என்று அதற்குக் கீழே ஒரு வரி.

படி 2: சோடி சேர்த்தல்

ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், இன்னொன்றில் பிரியும் சோடிதான் வேலைக்கு ஆகும். முழுக்க வேறான இரண்டை எடுத்தால் “அது அப்படி, இது இப்படி” என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வராது.

கை பழக்குவதற்கு எங்கள் சிபாரிசு, காலப் பயணத் தொடரான டொக்டர் ஹூவின் முதல் எபிசோட் ‘அன் அன்எர்த்லி சைல்ட்’. 1963 செப்டெம்பரில் ஒருமுறை ஒளிப்பதிவு செய்து, சரிவராமல் ஒக்டோபரில் திரும்ப எடுத்து, நவம்பர் 23இல் பிபிசி ஒளிபரப்பியது. கைவிட்ட முதல் பிரதியும் தப்பியிருக்கிறது, டிவிடியில் கிடைக்கும். அதே கதை, அதே நடிகர்கள், அதே 25 நிமிட அளவு. அதனால் எது மாறினாலும் ஒருவர் யோசித்து மாற்றினார் என்று அர்த்தம். முதற் பிரதியில் டொக்டர் நல்ல கடுகடுப்பு. அவருடைய காலப் பயணக் கலத்தின் கதவு மூடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். டொக்டரும் பேத்தி சூசனும் 49ஆம் நூற்றாண்டுக்காரர் என்று அதில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒளிபரப்பான பிரதியில் அந்த எண்ணை வெட்டி, வேறு காலம், வேறு உலகம் என்று மங்கலாக விட்டுவிட்டார்கள். ஒரு எண்ணைத் தூக்கியதும் ஒரு பதில் கேள்வியாக மாறிவிட்டது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் மிச்சம் தானாக வரும்.

படி 3: முதல் தடவை, கொப்பியை மூடி வைத்து

நிறுத்தாமல் பாருங்கள். ‘அறிமுகத்தைத் தவிர்’ பொத்தானை அமத்த வேண்டாம்; அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியையும் முதலே நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல் சுருங்கி, கடைசிக் காட்சி மனதில் நிற்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். முழுத் தொடரையும் பார்த்து முடித்த மச்சான் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரைப் பிளேன்ரீ போட அனுப்புங்கள். “பொறு, இவன் பிறகு...” என்று அவர் வாய் திறந்தால் அன்றைய வேலை கெட்டது.

டார்க் போன்ற ஜெர்மன் தொடரை ஆங்கில டப்பிங்கில் பார்க்காமல் ஜெர்மன் ஒலியும் சப்டைட்டிலுமாக வையுங்கள். குரல் மாறினால் பாத்திரத்தின் வயதும் தொனியும் மாறிவிடும்.

முடிந்ததும் ஐந்து வரி, நினைவிலிருந்து. மனதில் நிற்காததை இழுத்துப் பிடித்து எழுத வேண்டாம். நிற்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

படி 4: இரண்டாம் தடவை, கோடு போட்டு

பக்கத்தில் நான்கு நிரல்: நேரம், நடப்பது, விதி, கேள்வி. புது விதி தெரிய வரும் இடத்தில் ஒரு நிறம், விடை தராமல் விட்ட கேள்விக்கு மற்ற நிறம். சுவர் மணிக்கூட்டைப் பார்க்காமல் பிளேயரில் ஓடும் நேரத்தையே எழுதுங்கள். இடையில் கரண்ட் போனாலும் கணக்குக் குழம்பாது. 45 நிமிட எபிசோடுக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும்.

விதி நிரலில் யார் சொன்னது என்பதையும் குறிக்க வேண்டும். எங்கள் நாட்டுக்கூத்தில் கட்டியகாரன் வந்து அறிவித்துவிட்டுப் போவான். வரவுப் பாட்டில் பாத்திரம் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். தொலைக்காட்சியிலும் அந்தக் கட்டியகாரன் இருக்கிறான், வேடம்தான் வேறு. பின்னணிக் குரலாகவோ திரையில் ஓடும் எழுத்தாகவோ வந்தால் ‘க’ என்று போடுங்கள். ஒன்றும் தெரியாத புது ஆளுக்கு விளங்கப்படுத்துவது போல நமக்கு விளங்கப்படுத்தினால் ‘பு’. ஒருவரும் சொல்லாமல், நடப்பதைப் பார்த்து நாமே பிடித்தால் ‘நா’.

டொக்டர் ஹூவில் புது ஆட்கள் இரண்டு ஆசிரியர்கள். தங்கள் மாணவி சூசனில் ஏதோ பிசகு என்று பின்தொடர்கிறார்கள். பழைய இரும்புக் கடை வளவில் நிற்கும் பொலிஸ் பெட்டிக்குள் (அதுதான் அந்தக் கலம்) நுழையவே ஏறத்தாழப் பாதி நேரம் போய்விடுகிறது. அதற்கு முன் வகுப்பறையில் ஒரு சின்ன இடம்: ஒரு பவுணுக்கு எத்தனை ஷில்லிங் என்ற கேள்விக்கு அவளுக்கு விடை தெரியாது; தசம முறை வந்துவிட்டது என்று நினைத்தேன் என்கிறாள். ரூபாயும் சதமுமாக எண்ணிப் பழகிய எங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். 1963இல் பிரிட்டனில் பவுணுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். தசம முறை வந்தது 1971இல். அவள் வருங்காலத்தை அறிந்தவள் என்பதை ஒரு கணக்குப் பிழைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இப்படி இடறுகிற இடங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் பிறகு தேடிப் பாருங்கள்.

செவரன்ஸ் தொடரில் (2022) அதே ‘பு’ உத்தி, ஆனால் முதற் காட்சியிலேயே. கூட்ட மேசையில் ஒரு பெண் கண் விழிக்கிறாள். ஸ்பீக்கரில் ஒரு குரல் நீ யார் என்கிறது, தெரியாது. அமெரிக்க மாநிலம் ஒன்றின் பெயரைச் சொல் என்றால் டெலவெயர் என்கிறாள். தாயின் கண் என்ன நிறம் என்றால் முழிக்கிறாள். பொது அறிவு இருக்கிறது, சொந்த வாழ்க்கை இல்லை: விதி முழுவதும் சில கேள்விகளுக்குள் வந்துவிட்டது. பிறகு அதே காட்சி குரலுக்குரியவரின் பக்கத்திலிருந்து திரும்ப வரும். அப்போது முதல் வரிசைக்கு மேலேயே இரண்டாவது நிறத்தால் எழுதுங்கள்.

‘33’ நல்ல ‘நா’. மணிக்கூடு, நித்திரை இல்லாத முகங்கள், எதிரி வருகிறான், விண்கப்பல்கள் வேறிடத்துக்குத் தாவுகின்றன, மணிக்கூட்டைத் திரும்ப ஓட விடுகிறார்கள். 33 நிமிடத்துக்கு ஒருமுறை என்பது இரண்டாவது சுற்றில் எங்கள் உடம்புக்கே விளங்கிவிடும். எங்களைக் கேட்டால் மூன்றிலும் கஷ்டமான வேலை இதுதான்.

படி 5: நிமிடத்தைச் சதவீதமாக்கல்

டொக்டர் ஹூவின் 25 நிமிடத்தையும் செவரன்ஸின் 57 நிமிடத்தையும் நேரே ஒப்பிட முடியாது. குறித்த நிமிடத்தை மொத்த நிமிடத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 56 நிமிடத்தில் 14ஆவது என்றால் 25 சதவீதம். இன்னொரு காரணமும் உண்டு. செக்கனுக்கு 24 பிரேமில் எடுத்த அமெரிக்கத் தொடர்கள் பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் 25 பிரேமில் ஓடும். 44 நிமிடம் 42 நிமிடமும் சொச்சமுமாகச் சுருங்கிவிடும். நண்பரின் கொப்பியும் உங்களுடையதும் ஒன்றரை, இரண்டு நிமிடம் விலகினால் சண்டை பிடிக்க முதல் டிஸ்க்கைப் பாருங்கள்.

விளம்பர இடைவேளையையும் கவனியுங்கள். அமெரிக்க வலையமைப்புத் தொடரில் திரை இருண்டு மீளும் இடங்களுக்கு முன்னால் ஒரு திடுக்கிடல் வைப்பார்கள். விளம்பரம் முடியும் வரை ஆளைப் பிடித்து வைக்க வேண்டுமே. பிபிசிக்கு விளம்பரம் இல்லை, அந்தத் திடுக்கிடல் கடைசி நிமிடத்துக்குப் போய்விடும். இதை மறந்து ஒன்றை “வேகம்”, மற்றதை “இழுவை” என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

படி 6: எழுதுதல்

200 சொல் போதும். முதல் வசனத்தில் கொப்பியின் ஒரு வரிசையைக் கைகாட்டி நிரூபிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். “இரண்டும் விறுவிறுப்பானவை” என்பதற்கு வரிசை கிடையாது. “இரண்டிலும் புது ஆளே வழிகாட்டி, டொக்டர் ஹூ அவரைப் பாதி நேரம் வாசலிலேயே நிறுத்துகிறது, செவரன்ஸ் அவரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தொடங்குகிறது” என்பதற்கு உண்டு.