“நல்ல நாவல் ஒன்னு சொல்லுங்க” என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

யாராவது இப்படிக் கேட்டால், நமக்குப் பிடித்த பத்துத் தலைப்புகளை வாட்ஸப்பில் தட்டி அனுப்பிவிடுகிறோம். கேட்டவர் ஒரு கும்பிடு போடுவார், அத்தோடு சரி. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல்தான் அவர் கேட்டார். அந்தக் குழப்பத்தைப் பத்து மடங்காக்கி அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

படி 1: மூன்று கேள்விகள்

“எந்த மாதிரி நாவல் பிடிக்கும்?” என்று கேட்டால் “எதுனாலும் சரி” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

- கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது? வாரப் பத்திரிகைத் தொடர், பாக்கெட் நாவல் எல்லாம் கணக்கில் சேர்த்திதான்.
- பாதியில் மூடி வைத்தது எது, எந்த இடத்தில்?
- படிக்க எப்போது நேரம் கிடைக்கும், எவ்வளவு?

இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. இருபது, முப்பது பக்கத்துக்குள் மூடியிருந்தால் பெரும்பாலும் மொழியோ, பெயர்களின் கூட்டமோ தடுக்கியிருக்கும். நூற்றைம்பது பக்கம் தாண்டி நின்றிருந்தால் மொழி பிரச்சினையில்லை. நடுவில் நாலு நாள் விட்டுப்போய், யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்திருக்கும். அவருக்கு மெல்லிய புத்தகமாகப் பாருங்கள்.

படி 2: நேரத்தைப் பக்கமாக மாற்றுங்கள்

புதிதாகப் படிப்பவருக்கு அரை மணிக்குப் பதினைந்து பக்கம் என்று வையுங்கள். தினம் அரை மணி படித்தால் 150 பக்க நாவல் பத்து நாளில் முடியும். முதல் புத்தகம் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கை நழுவிவிடும்.

‘பொன்னியின் செல்வன்’ சிக்கலாவது இங்கேதான். ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முழு செட்டையும் வாங்கச் சொல்லாதீர்கள். முதல் பாகமான ‘புது வெள்ளம்’ மட்டும் போதும்: 57 அத்தியாயம், பத்தொன்பது நாள். இரண்டு வாரத்தைக் கொஞ்சம் தாண்டும்தான், ஆனால் பத்திரிகைத் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் அடுத்த வாரத்துக்கு இழுக்கும்படி முடியும். அந்த இழுப்பு பிடித்துப்போனால் மிச்சத்தை அவரே தேடிக்கொள்வார். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 3: பேச்சுமொழியைச் சோதியுங்கள்

நல்ல நாவல்கள் பல வட்டார வழக்கில் இருக்கின்றன. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் பேச்சு அப்படியே வரும், மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்திருக்கும். சென்னையிலேயே வளர்ந்தவருக்கு முதலில் திணறும். உரையாடல் வருகிற ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் பல சமயம் புரிந்துவிடும். அப்போதும் ஓடவில்லையா, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ கொடுங்கள். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், குடம், குழாயடி, எளிய வாக்கியங்கள். அளவும் சிறிது.

படி 4: ஒன்றே ஒன்று, மூன்று வாக்கியத்தில்

‘அசுரன்’ படம் பிடித்தது என்கிறார் ஒருவர். அவருக்கு இப்படி எழுதலாம்:

“பூமணியோட ‘வெக்கை’ படிச்சுப் பாருங்க, அசுரனுக்கு மூலம் அதுதான், ஆனா படம் அப்பா பக்கம் நிக்கும், புத்தகம் பையன் பக்கம் நிக்கும். கொலை ஆரம்பத்துலயே முடிஞ்சிடும், அப்புறம் ரெண்டு பேரும் காட்டுல ஒளிஞ்சு திரியறதுதான் கதை. கரிசல் பேச்சு, முதல் இருபது பக்கம் மெதுவா போங்க.”

முதல் வாக்கியம், இந்தப் புத்தகம் ஏன் அவருக்கு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, எதை எதிர்பார்க்கலாம் என்பதை. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தடங்கல் எங்கே வரும் என்று முன்பே தெரிந்தவர் அங்கே புத்தகத்தை மூடமாட்டார். தெரியாதவர் “நமக்கு இலக்கியம் வராது” என்று ஒதுங்கிவிடுவார்.

“அருமையான நாவல், மிஸ் பண்ணிடாதீங்க” என்பதால் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. தவறான முத்திரை அதைவிட மோசம். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைக் “காதல் நாவல்” என்று மட்டும் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். நாயகி யமுனாவைத் தேடிப் போனவர், நாயகன் பாபுவின் சங்கீதத்திலும் அவன் குரு ரங்கண்ணாவின் வீட்டிலும் பக்கம் பக்கமாக மாட்டிக்கொண்டு முழிப்பார். கச்சேரி கேட்கிற ஆளுக்கோ அந்தப் பக்கங்கள்தான் விருந்து. அவரிடம் “கும்பகோணமும் பாட்டும் இருக்கு, காதல் மெதுவா வரும்” என்றாலே போதும்.

படி 5: புத்தகம் கையில் வரும்வரை

எழுத்து அளவைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவருக்குப் பொடி எழுத்துப் பதிப்பு ஒரு வாரம்கூடத் தாங்காது. அட்டையில் ‘சுருக்கம்’ என்று இருந்தால் வேண்டாம். முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள், சில முன்னுரைகள் முடிவையே போட்டு உடைத்துவிடும்.

படி 6: இரண்டு வாரம் கழித்து

“பிடிச்சுதா?” என்றால் மரியாதைக்கு “ம், நல்லாருக்கு” என்பார். “எந்த இடத்துல இருக்கீங்க?” என்று கேளுங்கள். நின்ற இடத்தைச் சொன்னால் படி 1-இன் இரண்டாவது கேள்விக்குப் புதுப் பதில் கிடைத்துவிட்டது, அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். முடித்துவிட்டாரா? வேறு ஆசிரியருக்குத் தாவாமல் அதே கையிலிருந்து அடுத்ததைக் கொடுங்கள்: ‘வெக்கை’க்குப் பின் பூமணியின் ‘பிறகு’, ‘தண்ணீ’ருக்குப் பின் ‘18வது அட்சக்கோடு’.