பாந்தனாலில் ஜாகுவார் பார்க்க: படகு நேரத்தை எண்ணிப் பதிவு செய்யுங்கள்

பிரேசிலின் பாந்தனால் சதுப்பு நிலத்துக்கு ஜாகுவார் பார்க்கக் கூட்டிப்போகும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ‘5 பகல், 4 இரவு’ என்ற பாணியில்தான் விற்கப்படுகின்றன. பகல், இரவுக் கணக்கைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் அங்கே போய்த்தான் விழிக்கிறார்கள். ஜாகுவார் கண்ணில் படுவது ஆற்றில் நீங்கள் படகில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. அதை எப்படிக் கணக்கிடுவது, மற்ற ஏற்பாடுகளை அதையொட்டி எப்படி அமைப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

1. இடமும் மாதமும்

பாந்தனால் 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. பிரேசில், பொலிவியா, பராகுவே மூன்றிலும் கிடக்கிறது. படகிலிருந்து ஜாகுவார் பார்க்க வேண்டுமானால் வடக்கே மாத்தோ குரோசோ மாநிலத்தில் உள்ள போர்ட்டோ ஜோஃப்ரே. அங்கே குயாபா ஆற்றைத் தாண்டினால் ‘என்கோன்ட்ரோ தாஸ் ஆகுவாஸ்’ மாநிலப் பூங்கா. கேபிபாரா எனும் பெரிய கொறிவிலங்கும் கெய்மன் முதலையும் அங்கே ஏராளம். ஜாகுவாருக்கு இரண்டுமே இரை. மீன்பிடிப் படகுகளைப் பார்த்தே பழகிய விலங்குகள் என்பதால் மோட்டார் சத்தத்துக்கு ஓடுவதில்லை.

ஜூலை முதல் அக்டோபர் வரை தண்ணீர் வடிந்து மணற்கரைகள் வெளியே தெரியும். ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம். எங்கள் தேர்வு ஆகஸ்ட். செப்டம்பர் கடைசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். காட்டுத்தீப் புகையும் சேரலாம். 2020-இல் பாந்தனாலின் கால்பங்குக்கும் மேல் எரிந்தது.

2. படகு மணிக்கணக்கு

இந்த ஒரு படியைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சாதாரணமாக ஒரு முழு நாளில் இரண்டு சவாரி: காலை 6 முதல் 11 வரை, பிற்பகல் 2 முதல் 5.30 வரை. மொத்தம் எட்டரை மணி நேரம்.

இப்போது ‘4 பகல், 3 இரவு’ திட்டம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முதல் நாள் குயாபா நகரில் ஏற்றிக்கொள்வார்கள். போக்கோனே ஊர் வரை சுமார் 100 கிலோமீட்டர் தார்ச்சாலை. அங்கிருந்து டிரான்ஸ்பாந்தனேரா மண்சாலை தொடங்குகிறது. போர்ட்டோ ஜோஃப்ரே வரை ஏறக்குறைய 145 கிலோமீட்டர், வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். பாதி வழியில் இரவு தங்கல். இரண்டாம் நாள் மதியம் போய்ச் சேர்ந்து ஒரு பிற்பகல் சவாரி, மூன்றரை மணி. மூன்றாம் நாள் முழுசாக எட்டரை மணி. நான்காம் நாள் விடிந்ததும் திரும்புகிற பயணம். கூட்டினால் 12 மணி நேரம். இதில் பூங்காவின் கால்வாய்களுக்குப் போகவர ஆகும் நேரமும் அடக்கம். நான்கு பகலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றரை நாள்கூட ஆற்றில் இருக்க மாட்டீர்கள்.

போர்ட்டோ ஜோஃப்ரேயிலேயே மூன்று இரவு என்று மாற்றுங்கள். வந்திறங்கும் பிற்பகல், பிறகு இரண்டு முழு நாள்: 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும். இதற்குக் குறைவாகப் பதிவு செய்யவே வேண்டாம். ஒரு நாள் மழை கொட்டலாம், தெற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கலாம், எஞ்சின் பழுதாகலாம். இழப்பைத் தாங்க இடம் இருக்க வேண்டும்.

விடுதி எங்கே என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். சாலையின் நடுவில் இருக்கும் விடுதிகளும் ‘ஜாகுவார் சவாரி உண்டு’ என்றே எழுதும். அங்கிருந்து படகுத்துறைக்கு மண்சாலையில் இரண்டு மணி நேரம் என்றால், விடியற்காலை வெளிச்சம் முழுவதும் வண்டியிலேயே போய்விடும். ஆற்றங்கரை விடுதி அல்லது மிதவை விடுதியே சரி.

கேட்டால் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து முழுநாள் சவாரியும் தருவார்கள். நாங்கள் பரிந்துரைப்பது அதைத்தான். 11 மணிக்கு மற்ற படகுகள் சாப்பிடத் திரும்பிவிடும். கெய்மன்கள் கரையேறிக் கிடக்கும். ஜாகுவார் நடுப்பகலிலும் வேட்டையாடும். வெயிலைத் தாங்க முடியாத குழந்தைகளும் முதியவர்களும் உடன் இருந்தால் இரண்டு சவாரி முறையே நல்லது.

3. பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை

படகில் எத்தனை பேர்? நான்கு பேர் என்றால் வசதி. எட்டு பேர் என்றால் பாதிப் பேருக்கு எப்போதும் முதுகுகள்தான் தெரியும். படகோட்டியைத் தவிர ஆங்கிலம் பேசும் வழிகாட்டி தனியாக உண்டா? படகோட்டிகள் காட்டைக் கரைத்துக் குடித்தவர்கள், ஆனால் பெரும்பாலும் போர்ச்சுகீஸ் மட்டுமே பேசுவார்கள். நிறுவனமும் வழிகாட்டியும் பிரேசில் சுற்றுலா அமைச்சகத்தின் ‘கடாஸ்தூர்’ பதிவேட்டில் இருக்கிறார்களா, எண் என்ன? இறைச்சி வைத்து விலங்கை வரவழைப்பார்களா? ஆம் என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். மனிதரையும் இரையையும் சேர்த்துப் பழகும் பெரும்பூனை கடைசியில் ஆபத்தில்தான் போய் முடியும், இரு தரப்புக்கும்.

4. தடுப்பூசி, விசா, விமானம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு பிரேசில் விசா தேவை. அதைவிட அதிகம் பேர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழில் எழுதப்படும் எண்ணை அங்கேயே சரிபாருங்கள். 60 வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

சாவ் பாவுலோவில் குவாருல்யோஸ், கொங்கோன்யாஸ் என்று இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானம் குவாருல்யோஸில் இறங்கும். குயாபா விமானமும் அங்கிருந்தே கிளம்புகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நெரிசலில் நகரைக் குறுக்கே கடக்க வேண்டும். குயாபா வரை பெட்டிக்குச் சீட்டு ஒட்டியிருந்தாலும் குவாருல்யோஸில் அதை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இடைவெளி நான்கு மணி நேரமாவது விடுங்கள். குயாபா கடிகாரம் சாவ் பாவுலோவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது.

5. பையில் என்ன

தொலைநோக்கி 8x42. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி ஆடும் படகில் தலைசுற்ற வைக்கும். கேமராவுக்கு 100-400 ஜூம் லென்ஸ் போதும். குறுகிய கால்வாயில் விலங்கு 15 மீட்டரிலும் நிற்கும், அப்போது கனமான 600 லென்ஸில் முகம் மட்டுமே அடங்கும். முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு ஒற்றைக்கால் தாங்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/1000-க்குக் கீழே போகாமல் இருக்கட்டும்.

வெப்ப நாடுதானே என்று மெல்லிய உடுப்பு மட்டும் கொண்டுபோவது பெரிய தவறு. ஜூலை, ஆகஸ்டில் ‘ஃப்ரியாஜெம்’ எனும் குளிர்காற்று வந்தால் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கும். வேகமாகப் போகும் படகில் அது இன்னும் உறைக்கும். காற்று புகாத மேற்சட்டை ஒன்று, தாடைக்கயிறு உள்ள தொப்பி ஒன்று கட்டாயம். பணம் எடுப்பதையும் மருந்துக்கடை வேலையையும் போக்கோனேவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

6. ஆற்றில்

வழிகாட்டிகள் வாக்கி-டாக்கியில் பேசிக்கொள்வார்கள். ‘ஓன்சா’ என்ற சொல் காதில் விழுந்ததும் கேமராவைப் பைக்குள் வையுங்கள். அடுத்த நொடியே படகு பாயும். ஓன்சா என்றால் ஜாகுவார்.

போய்ச் சேரும்போது ஏற்கனவே பத்துப் படகு நிற்கும். தூங்கும் விலங்கை இரண்டு படம் எடுத்துவிட்டு அடுத்ததைத் தேடி ஓடச் சொல்வது புதியவர்களின் வழக்கம். காத்திருங்கள். வெயில் தாழ எழுந்து கரையோரம் நடக்கத் தொடங்கும். அதன் கூடவே மெல்ல மிதந்து போவதுதான் இந்தப் பயணத்தின் சாரம். எழுந்து நிற்பதும் உரக்கப் பேசுவதும் கூடாது.

முடிந்தால் இரண்டு விலாவையும் படமெடுங்கள். உடற்புள்ளிகள் விலங்குக்கு விலங்கு வேறுபடும். ஒரே விலங்கின் இடமும் வலமுமே ஒன்றுபோல் இராது. போர்ட்டோ ஜோஃப்ரேயில் இயங்கும் ‘ஜாகுவார் ஐடி ப்ராஜெக்ட்’ இந்தப் புள்ளிகளை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறது.

7. மற்ற விலங்குகளுக்கு இரண்டு இரவு

ராட்சத நீர்நாய் ஆற்றிலேயே கூட்டமாகக் கிடைக்கும். பெரிய எறும்புத்தின்னி, பன்றி போன்ற உடல்வாகுள்ள தாபிர், ஓசிலாட் காட்டுப்பூனை, நரி எல்லாம் டிரான்ஸ்பாந்தனேரா ஓரப் பண்ணை விடுதிகளில். தாபிரும் ஓசிலாட்டும் இரவில் நடமாடுபவை என்பதால் இரவு வண்டிச் சவாரி திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாகுவார் முடிந்து திரும்பும் வழியில் இந்த விடுதியை வையுங்கள். ஆற்றில் ஒரு நாள் வீணானாலும் நீட்டிக்க இடம் கிடைக்கும்.

பூமாவையும் இதே பயணத்தில் சேர்க்கப் பார்க்காதீர்கள். பாந்தனாலில் அது உண்டு, ஆனால் கண்ணில் படுவது அரிது. பூமாவுக்கென்றே சிலியின் தோரெஸ் தெல் பைனே போக வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

சைவச் சாப்பாடு பற்றிப் பலர் கேட்டார்கள். சோறும் பீன்ஸும் எல்லா விடுதியிலும் உண்டு. ஆனால் பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள். ‘செம் கார்னே’ என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொண்டு கோழி வைப்பார்கள். ‘செம் கார்னே, செம் ஃப்ராங்கோ, செம் பெய்ஷே’ (இறைச்சி, கோழி, மீன் வேண்டாம்) என்று மூன்றையும் எழுதி, பதிவு செய்யும்போதே அனுப்புங்கள்.

கழிப்பறை: சிறிய படகுகளில் கிடையாது. வழிகாட்டி முதலில் இறங்கிப் பார்த்துச் சொல்லும் மணல்திட்டில்தான் ஒதுங்க வேண்டும். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் 40 டிகிரி வெயிலில் மயங்கி விழ நேரிடும். கிளம்பும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்.